டாக்டரும் தம்பதிகளும் சேர்ந்து முடிவெடுப்போம்: புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிச் சில விளக்கங்கள்



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வழக்கமாக என்ன நடக்கிறது? ஓசூரானாலும் தேன்கனிக்கோட்டையானாலும் பர்கூரானாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கணவரோ மூத்த மகனோ டாக்டர் அறைக்குள் போகிறார். நோய் வந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சார், தாங்க மாட்டா" என்று உள்ளே கேட்டுக்கொள்கிறார்கள். "சின்னக் கட்டிதான், கரண்ட் வெச்சா சரியாப் போயிடும்" என்று வெளியே வந்து சொல்கிறார்கள்.

பாசத்தினால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் இதனால் சிகிச்சையே கெட்டுப்போகக் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

மறைத்தால் என்ன கெடுதல்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். நோய் ஓரளவு பரவியிருந்தால் கதிர்வீச்சு சிகிச்சை தருகிறார்கள். நம் ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்வது இதைத்தான். வாரத்துக்கு 5 நாள் வீதம் சுமார் 5 வாரம் வெளியிலிருந்து கதிர் கொடுப்பார்கள். பிறகு உள்ளே கருவி வைத்துச் சில தடவை கொடுப்பார்கள். எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் குணமாகும் வாய்ப்பு குறைந்துவிடும்.

பாதிச் சிகிச்சையிலேயே உதிரப்போக்கு நின்றுவிடுவதுண்டு. தனக்கு என்ன நோய் என்றே தெரியாத அம்மாள் என்ன நினைப்பார்? "ரத்தம் நின்னுடுச்சு, ராகி அறுப்பு வேற கிடக்குது, ஊருக்குப் போலாம்" என்பார். அவர் மேல் தப்பில்லை. விஷயம் தெரிந்திருந்தால் முடியும் வரை இருந்திருப்பார். மேலும், வீட்டார் கிசுகிசுப்பதைப் பார்த்து நோயாளிகள் பலர் தாங்களே ஊகித்துவிடுகிறார்கள். பிறகு அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியே சுமக்கிறார்கள்.

"டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?"

நோயைப் பற்றி டாக்டருக்குத் தெரியும். உங்கள் வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, கணவருக்கு ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்டா, மாட்டை யார் பார்ப்பது, இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் இராது. நல்ல சிகிச்சைக்கு இரண்டு பக்கத்துச் செய்தியும் வேண்டும்.

மார்பகப் புற்றுநோயில் இது நன்றாக விளங்கும். ஒரு காலத்தில் மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவதே ஒரே வழி என்று டாக்டர்கள் நம்பினார்கள். இத்தாலியில் டாக்டர் வெரோனேசியும் அமெரிக்காவில் டாக்டர் ஃபிஷரும் 1970களில் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சிலருக்கு மார்பகம் முழுவதையும் எடுத்தார்கள். சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டு கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதில் இரண்டு வழியும் சமம் என்று தெரிந்தது.

ஆகவே ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு இரண்டு வழி உண்டு. கட்டியை மட்டும் எடுத்தால் மார்பகம் இருக்கும். ஆனால் சில வாரம் தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும், அதே மார்பகத்தில் மறுபடி கட்டி வருகிறதா என்று கவனிக்கவும் வேண்டும். முழுவதும் எடுத்தால் ஆரம்ப நிலையில் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படாது. ஆனால் மார்பகம் போய்விடும். தளி பக்கத்தில் மலையோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் அலைச்சல் வேண்டாம் என்று ஒன்றைக் கேட்கலாம். அதே ஊர்ப் பெண் இன்னொருத்தி மற்றதைக் கேட்கலாம். இரண்டும் சரியே. ஆனால் இரண்டு வழி உண்டு என்பதே அவளுக்குச் சொல்லப்படவில்லை என்றால் எப்படிக் கேட்பாள்?

சட்டம் என்ன சொல்கிறது?

2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அது புற்றுநோய் வழக்கு அல்ல. டெல்லியில் ஒரு பெண் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இது செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்து, சுய நினைவோடு இருக்கும் ஒருவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது. உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய அவசரத்துக்கு மட்டுமே விலக்கு.

ஆகவே காகிதத்தில் கணவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். நோயாளி கேட்டுப் புரிந்துகொண்டு தானே கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வைப்பவரானாலும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு இருவருமாகப் போங்கள்.

1. இது என்ன நோய்? எந்த நிலையில் இருக்கிறது?
2. சிகிச்சையின் நோக்கம் முழுதாகக் குணமாக்குவதா, நோயைக் கட்டுப்படுத்துவதா, வலியைக் குறைப்பதா?
3. எத்தனை வழி இருக்கிறது? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, கஷ்டம் என்ன?
4. ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?
5. எத்தனை நாள் ஆகும்? தங்க வேண்டுமா, வந்து போகலாமா?
6. பின்னால் குழந்தை பெற முடியுமா? சிகிச்சை நடக்கும்போது எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஏற்றது?
7. காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்? கையிலிருந்து எவ்வளவு ஆகும்?

ஆறாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். சில மருந்துகளும் கதிர்வீச்சும் கருத்தரிக்கும் சக்தியைக் குறைக்கக் கூடும். மருந்து ஏற்றும் காலத்தில் கரு தரித்தால் சிசுவுக்கு ஆபத்து. சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டால்தான் வழி செய்ய முடியும்.

நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் அநேகர். "எனக்குப் புரியலீங்க, தெலுங்குல சொல்லச் சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை. பிறகு, டாக்டர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எது புரியவில்லை என்று அப்போது தெரிந்துவிடும்.

எங்கே போவது?

இதுவும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயமே. பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. பெங்களூர் கிட்டத்தில் இருப்பதனால் மட்டும் அங்கேதான் என்று கிளம்ப வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபாக்டரி வேலைக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. தொழிலாளிக்கே நோய் வந்தால், விதிகளின்படி நீண்ட நாள் லீவுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். விவரத்துக்கு 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கணவருக்குச் சில வார்த்தைகள்

புற்றுநோய் தொற்று வியாதி அல்ல. மனைவியைத் தொடுவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒட்டாது. தாம்பத்திய உறவை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே கேட்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "டாக்டர் சொல்றதை நீயே கேக்கறியா, நான் கேட்டுச் சொல்லட்டுமா?" என்று முதலில் மனைவியைக் கேளுங்கள். "நீங்களே பாத்துக்கோங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவுதான். நோய் வந்தது உங்களுக்கானால் இதே மரியாதை உங்களுக்கும் உண்டு.

நோய் முற்றிப்போய்க் குணமாக்க முடியாத கட்டத்திலும் முடிவெடுக்க நிறைய இருக்கிறது. இன்னும் மருந்து ஏற்ற வேண்டுமா, வீட்டில் இருக்க வேண்டுமா, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வலியைத் தாங்கிக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை. வலிக்கு நல்ல மருந்து இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கிறார்கள்.

முன்னே கண்டால் வழி அதிகம்

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தேர்ந்தெடுக்க வழிகள் அதிகம் இருக்கும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் நடந்த ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு நர்ஸ்களே வினிகர் போன்ற திரவம் தடவிக் கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்கள். கோளாறு தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இப்படிச் செய்த கிராமங்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் தெரியவந்தது. 30 வயது தாண்டிய பெண்கள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தம்பதிகளே! அடுத்த தடவை டாக்டர் அறைக் கதவு திறக்கும்போது இருவரும் சேர்ந்தே உள்ளே போங்கள். கேட்பதைத் தயங்காமல் கேளுங்கள். புரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரை இன்றே சந்தியுங்கள்.