ஒரு ஊரில் தூண்டில் வளைவு போட்டால் பக்கத்து ஊர் ஏன் கரைகிறது? கடற்கரை மணலின் கணக்கு இதுதான்!

‘கடல் அரிப்பைத் தடுக்க தூண்டில் வளைவு அமைக்க வேண்டும்’ என்று மீனவர்கள் சாலை மறியல் செய்யும் செய்தி வருஷத்துக்கு பல தடவை நம்ம கண்ணில் படும். வளைவு கட்டியதும் அந்த ஊரில் பிரச்னை அடங்கும். கொஞ்ச நாளில் பக்கத்து ஊரில் மறியல் தொடங்கும். ஏன் இப்படி?

கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

மணல் எப்படி நடக்கிறது?

அலைகள் பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, கொஞ்சம் சாய்வாகத்தான் வந்து மோதும். அப்படி வரும்போது மணலையும் சாய்வாக மேலே தள்ளும். ஆனால் தண்ணீர் திரும்பும்போது சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நேராக இறங்கிவிடும். ஏறுவது சாய்வு, இறங்குவது நேர். ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. இதோடு கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ‘லாங்ஷோர் டிரிஃப்ட்’ என்று பெயர்.

சென்னை, புதுச்சேரி பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். வடக்கே போகும் மாதங்கள்தான் அதிகம். அதனால் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், மணல் வடக்கு நோக்கித்தான் போயிருக்கும்.

புயல் வந்தால் கரை சட்டென்று குறுகும். அதைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. அந்த மணலில் பெரும்பகுதி கொஞ்சம் தள்ளி கடலுக்கு அடியில் மேடாகக் கிடக்கும், கடல் அமைதியானதும் அலைகளே அதைத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஆனால் வழியில் ஏதாவது குறுக்கே நின்றால் கதை வேறு.

மெரினா பெரிதானது எப்படி?

இன்று மெரினாவில் இறங்கி அலையைத் தொட எவ்வளவு தூரம் நடக்கிறோம்! சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல். ஆனால் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல் இவ்வளவு தள்ளி இல்லை. 1870-களில் சென்னை துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டி, தெற்குப் பக்கம் சேர ஆரம்பித்தது. அப்படி அகலமானதுதான் மெரினா.

சரி, மெரினாவில் தங்கிய மணல் யாருக்குப் போயிருக்க வேண்டியது? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு. அலை அங்கே இருந்த மணலை வழக்கம்போல வடக்கே எடுத்துப் போனது; தெற்கிலிருந்து பதிலுக்கு வரவில்லை. வட சென்னையில் கடல் ஊருக்குள் வந்ததும், கரை முழுக்க கருங்கல் கொட்டியதும் இதனால்தான். நாம் காற்று வாங்கும் மணலும் அங்கே போன வீடுகளும் ஒரே கணக்கின் வரவு, செலவு.

தூண்டில் வளைவும் இதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது. மணல் வரும் பக்கம் சேரும், போகும் பக்கம் கரையும். அதற்காக வளைவு கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் அலை அடிக்கும்போது வேறு எதைத்தான் கேட்பார்கள்?

இன்னொரு பக்கம், மணலின் வரவே குறைந்துவிட்டது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதுதான் கரைக்கு முக்கிய முதல். அணைகளில் கொஞ்சம் தங்குகிறது, ஆற்றிலேயே கொஞ்சம் லாரி ஏறிவிடுகிறது.

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்தது. அதன்படி இந்தியக் கரையில் சுமார் 34 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது சுமார் 43 சதவீதம்.

வழி உண்டா?

புதுச்சேரியைப் பார்க்கலாம். 1980-களின் கடைசியில் அங்கே துறைமுகம் வந்தபின் நகரக் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது, பாறைகள்தான் மிச்சம். பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அலையின் வேகத்தைக் குறைக்க கடலுக்கு அடியில் ஒரு தடுப்பை அமைத்தது. கூடவே மணலும் கொட்டப்பட்டது. காந்தி சிலைக்கு வடக்கே மணல் திரும்ப சேர்ந்தது.

இன்னொரு வழி, சேர்ந்த பக்கத்து மணலை எடுத்து கரையும் பக்கம் போடுவது. அலை சும்மா செய்துகொண்டிருந்த வேலையை காசு கொடுத்து செய்கிறோம், அவ்வளவுதான். ஒருமுறை செய்துவிட்டு விட முடியாது. சுவர் நிற்கும் வரை, ஒவ்வொரு வருஷமும் செய்ய வேண்டும்.