லங்காவியில் கருடனுக்குக் கோழித்தோல் வேண்டாம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலப்பெர்லிஸ், கோலக்கெடா படகுத்துறைகளில் நம்மவர் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. 1987-இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து லங்காவி என்றால் நம்மில் பலருக்குச் சாக்லேட்டும் பீங்கான் மங்குகளும்தான். குவா நகரில் கடை கடையாக ஏறி இறங்கி, பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் 2007-இல் யுனெஸ்கோ இத்தீவுக் கூட்டத்தை உலகப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது கடைகளைப் பார்த்து அல்ல. தென்கிழக்கு ஆசியாவில் அந்தப் பெருமையை முதலில் பெற்ற இடம் இதுதான்.

ஒரே ஒரு நாள்தான் வெளியே சுற்ற முடியும் என்றால், கிலிம் ஆற்றுக்குப் போங்கள். தீவின் வடகிழக்கில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே அலையாத்திக் காட்டை வகுந்துகொண்டு ஓடுகிறது அந்த ஆறு. குன்றுகளின் வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். படகை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் முழுப் படகுக்கும் பேசுவதால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் செலவு தாங்கும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் ஓர் அகன்ற பகுதிக்கு வந்ததும் படகோட்டி வேகத்தைக் குறைத்து, கோழித்தோலையோ குடலையோ தண்ணீரில் வீசுவதுண்டு. அடுத்த நிமிடமே வானத்திலிருந்து பத்து, இருபது பறவைகள் பாய்ந்து வந்து அள்ளிச் செல்லும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், நாம் கைப்பேசியை நீட்டுவோம். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை, வெள்ளைத் தலையும் செங்கபில உடலும் கொண்ட செம்பருந்துகள். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வட்டமிடாதா என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறோமே, அந்தக் கருடன்தான் இது. லங்காவி என்ற பெயரே கழுகைக் குறிக்கும் ‘ஹெலாங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்தும், செங்காவி நிறத்தைக் குறிக்கும் ‘காவி’யிலிருந்தும் வந்தது என்று சொல்வார்கள்.

இந்தப் பறவையின் இயல்பான உணவு மீன், நண்டு, கரையில் ஒதுங்கும் செத்த உயிரினங்கள். கடற்கரையைச் சுத்தமாக வைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. கோழித்தோலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. முழு மீனையோ நண்டையோ தின்னும்போது கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை. தினமும் குறித்த நேரத்தில் இரை வந்து விழுந்தால் பறவை தேடுவதை விட்டுவிடுகிறது. குஞ்சும் தாயைப் பார்த்துத்தானே கற்கும்? இயற்கை வழிகாட்டிகள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். இருந்தும் பழக்கம் முற்றாக நிற்கவில்லை. படகோட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பறவையைக் காட்டாத படகுக்கு அடுத்த முறை ஆள் வராதோ என்ற பயம் அவருக்கு. காசு கொடுக்கும் நாம் சொன்னால் கேட்பார். படகில் ஏறுவதற்கு முன்பே, விலை பேசும்போதே, “தோலோங், ஜாங்கான் பாகி மாக்கான் ஹெலாங்” என்று சொல்லிவிடுங்கள். பறவைகள் அப்போதும் தெரியும், கொஞ்சம் உயரத்தில்.

கூடவே “பெர்லாஹான்” என்றும் சொல்லுங்கள். வேகமாகப் போகும் படகின் அலை கரை மண்ணை அரிக்க அரிக்க, அலையாத்தி மரங்கள் வேரோடு சாய்கின்றன. 2004 டிசம்பர் சுனாமி லங்காவியையும் தாக்கியது நினைவிருக்கலாம். அலையின் வேகத்தைத் தணிக்கும் வேலி இந்த மரங்கள்தான். மெதுவாகப் போனால் நமக்கும் லாபம்: நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் துள்ளும் மீன்களையும், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வௌவால் குகைக்குள் நுழைந்தால் விளக்கை மேலே அடிக்காதீர்கள். நம் நாட்டுக் குகை வௌவால்களில் ஒரு வகைதான் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமந்து செல்கிறது. தூக்கம் கெட்டால் நட்டம் நமக்கும்தான்.

மேற்கே மாச்சின்சாங் மலை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் பழமையான அதன் பாறைகள்தான் நாட்டிலேயே மூத்தவை. கம்பிவட ஊர்தி 700 மீட்டருக்கும் மேலே கொண்டு விடும். அடையாள அட்டையைக் காட்டினால் மலேசியருக்குக் கட்டணம் குறைவு. பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. அருகிலுள்ள தெலாகா துஜோ அருவியின் மேலேயுள்ள ஏழு சுனைகளைப் பார்க்க 600-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பத்துமலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூட்டுவலி உள்ள பெரியவர்களைக் கீழ் அருவியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

டாயாங் பூந்திங் தீவில், கடலை ஒட்டியே ஒரு நன்னீர் ஏரி. குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டானது. குழந்தையில்லாதவர் அந்த நீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கும் என்பது அங்குள்ள பழங்கதை. ஆழமான ஏரி, ஆகவே மிதவை அங்கி இல்லாமல் இறங்க வேண்டாம். போகும் வழியில் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடும். உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள்.

கடலில் குளிப்பவர்கள் ஒரு சிறு போத்தல் வினிகர் எடுத்துச் செல்லலாம். இந்தக் கடலில் கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீன்களும் உண்டு. பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். முழுக்கை நீச்சல் உடை பிள்ளைகளுக்கு நல்ல பாதுகாப்பு.

மழைக்காலத்தில் கிழக்குக்கரைத் தீவுகள் மூடிக்கிடக்கும் டிசம்பர், ஜனவரியில் லங்காவியில் வெயிலடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், படகுப் பயணமும் ஆட்டம் காணும்.

மாலையில் இரவுச் சந்தை. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரில் கூடும். வியாழக்கிழமை செனாங் கடற்கரைக்குப் பக்கத்தில் தெமோயோங்கில். தங்குமிடத்தில் கேட்டால் அன்றைக்கு எங்கே என்று சொல்வார்கள். அங்கே கிடைக்கும் வடக்கத்தி லக்சாவின் குழம்பே மீனை அரைத்துச் செய்வது. சைவக்காரர்கள் அதை விட்டுவிடலாம்.