கணிப்பொறி ஏன் உறைந்து நிற்கிறது?

இன்று கணிப்பொறி இல்லாத அலுவலகம் இல்லை. நம்மில் பலருடைய இல்லங்களிலும் அது குடும்பத்தில் ஒருவரைப்போல் இடம்பெற்றுவிட்டது என்றால் மிகையாகாது. அத்தகைய கணிப்பொறி வேலையின் நடுவே அசையாமல் நின்றுவிட்டாலோ, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிட்டாலோ நாம் என்ன செய்வது? கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணிப்பொறியோடு அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் பட்ட பாட்டையும், அதனால் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் தந்தையார் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளைச் செய்பவர். பட்டறையை ஒட்டிய முன்னறையில்தான் கணிப்பொறி இருக்கிறது. நான்கு ஆண்டுக் கணக்குகள் அதில் இருந்தன. காலஞ்சென்ற எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்றும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. ஏப்ரல் மாதம் அது அடிக்கடி உறையத் தொடங்கியது. பார்க்க வந்தவர், "எல்லாம் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று கூறிச் சென்றார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணத்தைத் தொட அப்பாவுக்கு மனமில்லை.

அப்போது அப்பா எங்களிடம் கூறியது இதுதான்: "திறக்காத பூட்டைச் சுத்தியலால் அடிப்பவன் தொழில்காரன் இல்லை. சாவியில் ஒரு பல்லை அராவிப் போட்டுப் பார்க்கணும். திறக்கலைன்னா அடுத்த பல். ரெண்டை ஒண்ணாத் தொட்டா எது தப்புன்னே தெரியாது."

இம்முறை பூட்டுக்கு மட்டும் உரியதன்று. 1997ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கிய 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' விண்கலத்தின் கணிப்பொறி, சில நாள்களில் தானே அணைந்து மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. அங்கே போய்த் திறந்து பார்க்க யாரால் இயலும்? பொறியாளர்கள் பூமியில் வைத்திருந்த அதே போன்ற கணிப்பொறியில் அதே கோளாற்றை வரவழைத்துக் காரணத்தைக் கண்டார்கள். பீரோச் சாவியைக் கையில் வைத்திருக்கும் தம்பியை அக்காள் ஓயாமல் கடைக்கு அனுப்பினால், அம்மா பீரோவைத் திறக்க முடியாமல் காத்திருப்பார் அல்லவா? அவ்வாறே அவசரமான வேலை ஒன்று, அவசரமில்லாத வேலையின் கையில் சிக்கிக் காத்திருந்தது. காரணம் தெரிந்ததும் இங்கிருந்தே திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

நாங்களும் முதலில் ஒரு குறிப்பேடு போட்டோம். கணிப்பொறி நின்ற நாள், நேரம், அப்போது நடந்த வேலை, நின்ற விதம் ஆகியவற்றை எழுதினோம். பத்து நாள்களில் 14 முறை நின்றிருந்தது. அவற்றில் 11 முறை நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில்! இரவில் ஒருமுறைகூட இல்லை. ஆகவே ஓர் இரவு பதினொரு மணிக்கு அமர்ந்து, கணக்குகளையும் தாலாட்டையும் இரண்டு பென் டிரைவுகளில் பிரதி எடுத்தோம். எந்தப் பழுதைப் பார்க்கும் முன்பும் செய்யவேண்டிய முதல் வேலை இதுவே.

பகலில் நின்று இரவில் ஓடுவதால் வெப்பத்தின் மீது ஐயம் எழுந்தது. கணிப்பொறியின் மூளையாகிய செயலி வேலை செய்யும்போது சூடாகும். அச்சூட்டை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி வெளியே தள்ளும். பல செயலிகள் ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால், பல கணிப்பொறிகளில் 'பயாஸ்' என்னும் திரை தோன்றிச் செயலியின் வெப்பத்தைக் காட்டும். எங்களுடையது வேலை எதுவும் இல்லாதபோதே 89 பாகை காட்டியது.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, அப்பா அருகிலிருக்கப் பெட்டியைத் திறந்தோம். தகடுகளுக்கிடையே தூசி மெத்தைபோல் அடைத்திருந்தது. தெருப் புழுதியோடு பட்டறையின் அரப்பொடியும் கலந்திருந்தது. உலோகப் பொடி மின்சாரத்தைக் கடத்துமாதலால் அது இன்னும் ஆபத்தானது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாலும் காற்றூதியாலும் சுத்தம் செய்தோம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். பின்பு வெப்பம் 52 பாகையாகக் குறைந்தது.

ஆயினும் அடுத்த வாரம் இருமுறை அணைந்தது. குறிப்பேட்டைப் பார்த்தால், இரண்டு முறையும் பட்டறையில் சாணை இயந்திரத்தை ஓடவிட்ட நேரம்! மோட்டார் தொடங்கும்போது அதிக மின்சாரத்தை இழுப்பதால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மின்னழுத்தம் நொடிப்பொழுது தாழ்கிறது. யு.பி.எஸ். பெட்டியின் மின்கலம் வலுவிழந்திருந்ததால் அதைத் தாங்கவில்லை. மின் பணியாளர் தனிக் கம்பி இழுத்துத் தந்தார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் புதிய மின்கலமும் போட்டோம். ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு.

எங்கள் கணிப்பொறிக்கு இல்லாத நோய்களையும் சொல்லிவிடுகிறோம். நேரங்காலமின்றி நீலத்திரை தோன்றி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையைக் காட்டினால் நினைவகப் பலகையை ஐயுறலாம். அதைக் கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்தினாலே சில வேளை சரியாகும். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்னும் சோதனையும் உண்டு. கோப்பைத் திறக்க நெடுநேரமாகி, உள்ளே 'டக் டக்' என்ற ஒலி கேட்டால் வன்வட்டு நலிகிறது. தாமதமின்றிப் பிரதி எடுக்க வேண்டும்.

புதிதாக ஒரு மென்பொருளைச் சேர்த்த பின் தொல்லை தொடங்கினால் அதையே முதலில் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் கணிப்பொறியை 'சேஃப் மோட்' என்னும் குறைந்தபட்ச நிலையில் தொடங்கி, பிழையான கோப்பை நீக்கியே மீட்டார்கள். வீட்டிலும் அவ்வழி உதவும்.

எங்கள் கணிப்பொறி இப்போது நிற்பதில்லை. முழுதாக ஒரு வாரம் ஓடிய அன்று மாலை, அப்பா அந்தத் தாலாட்டைப் போடச் சொன்னார். அது முடியும் வரை பட்டறையில் அரத்தின் ஓசை கேட்கவில்லை.

ஆகவே தோழியரே, கணிப்பொறி நின்றுவிட்டால் அதைத் தட்டவும் வேண்டாம், உடனே புதிது வாங்கவும் வேண்டாம். முதலில் பிரதி எடுப்போம். பின்பு குறிப்பெடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பெற்றோரின் பணமும் மிஞ்சும். காரணம் தேடும் பழக்கமும் நமக்கு வரும்.