கணினி ஏன் ‘கொஞ்சம் எழுந்திரு’ என்கிறது?

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரை முன்னால் பெரும்பாலும் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிச்சல் வருகிறது. போதாக்குறைக்கு, கிட்டத்தில் பார்க்க விழிக்குள் இருக்கும் சிலியரித் தசை சுருங்கியே இருக்க வேண்டும். 20 அடி தள்ளிப் பார்த்தால்தான் அது தளரும்.

இதெல்லாம் தெரிந்தவர்களும் எழுந்திருப்பதில்லை. வேலை மும்முரத்தில் நேரம் போவது தெரிந்தால்தானே!

அதற்குத்தான் ஓய்வெடுக்க நினைவூட்டும் வொர்க்ரேவ் போன்ற இலவச மென்பொருள்கள். கைப்பேசி அலாரத்துக்குக் கண் கிடையாது. ஆள் டீ குடிக்கப் போயிருந்தாலும் அடிக்கும். வொர்க்ரேவ் விசைப்பலகையையும் மவுஸையும் கவனிக்கிறது. கை அசைந்தால்தான் அதன் கடிகாரம் ஓடும். போதிய நேரம் சும்மா இருந்தால் அதையே ஓய்வாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும். நிறுவியதும் அது விதிக்கும் கணக்கு: 3 நிமிட வேலைக்கு 30 விநாடி ஓய்வு, 45 நிமிடத்துக்கு 10 நிமிடம். கொஞ்சம் கெடுபிடிதான், மாற்றிக்கொள்ளலாம்.

ஓய்வுக்கு முன் எட்டிப் பார்க்கும் எச்சரிக்கைப் பெட்டி ஒரு வேடிக்கை. மவுஸை அருகே கொண்டுபோனால் திரையின் இன்னொரு பக்கத்துக்குத் தாவிவிடும். அடுத்து வரும் ஓய்வுப் பெட்டியில் தள்ளிப்போடவும் தவிர்க்கவும் பொத்தான்கள் உண்டு. கை முதலில் போவது அங்கேதான்.