114 விமானங்களுடன் ஒரு போர்: பின்லாந்து தன் வானத்தைக் காத்தது எப்படி?

1939 நவம்பர் 30 அன்று, போர்ப் பிரகடனம் எதுவும் இல்லாமல், சோவியத் விமானங்கள் ஹெல்சிங்கி நகரின் மீது குண்டு வீசின. அந்த ஒரு நாளில் மட்டும் தலைநகரில் 90 பேருக்கு மேல் இறந்தனர். பின்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 37 லட்சம். சோவியத் ஒன்றியத்தின் மக்கள்தொகை 17 கோடி. சண்டைக்குத் தயாராக இருந்த பின்லாந்து விமானங்கள் 114. எதிரியோ 2,000க்கும் மேற்பட்ட விமானங்களைப் போர்முனைக்குக் கொண்டுவந்திருந்தது.

சில வாரங்களில் முடிந்துவிடும் என்று மாஸ்கோ போட்ட கணக்கு பொய்த்தது. ‘குளிர்காலப் போர்’ எனப்படும் இந்தப் போர் 105 நாட்கள் நீடித்தது. காடுகளில் பனிச்சறுக்குப் பலகைகளில் வந்து தாக்கிய வீரர்களின் கதை பலருக்குத் தெரியும். அவர்களுக்கு மேலே நடந்த வான்போரும் சிறிய நாடுகள் கற்க வேண்டிய பாடம்தான்.

வான்படையின் வேலை என்ன?

இவ்வளவு குறைந்த விமானங்களை வைத்துக்கொண்டு வானம் முழுவதையும் தன் பிடியில் வைக்க முடியாது என்பது பின்லாந்துக்குத் தெரிந்தே இருந்தது. எனவே அது தனக்கு எட்டக்கூடிய இலக்கையே வகுத்துக்கொண்டது. எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் நகரங்களையும் இஷ்டம்போல் தாக்க விடக் கூடாது. வந்தவை இழப்பில்லாமல் திரும்பக் கூடாது. அதே சமயம், தன் விமானங்கள் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோவியத் போர் விமானங்களுடன் வீணாக மோதாமல், குண்டுவீச்சு விமானங்களையே குறிவைக்கும்படி விமானிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பயிற்சி தந்த பலம்

பின்லாந்திடம் இருந்த சிறந்த போர் விமானம் டச்சு வடிவமைப்பான ஃபோக்கர் டி-21. அதன் சக்கரங்கள் உள்ளே மடங்காது. ஆயுதம் என்று இருந்தவை நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. அந்த ரகத்தில் சுமார் 40 விமானங்களே இருந்தன. அந்தக் குறையைப் பயிற்சி ஈடுகட்டியது. பல நாட்டு வான்படைகள் மூன்று விமானங்களை அம்புமுனை போல நெருக்கமாகப் பறக்கவிட்ட காலத்தில், பின்லாந்து 1930களின் நடுப்பகுதியிலேயே இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் விலகிப் பறக்கும் முறைக்கு மாறிவிட்டது. பக்கத்து விமானத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்வதிலேயே கவனம் போய்விடாமல், விமானியின் கண் வானத்தைத் துழாவ முடிந்தது. தூரத்திலிருந்து குண்டுகளை வீணாக்காமல், 50 மீட்டர் வரை நெருங்கிச் சுடவும் பழக்கினார்கள். இந்த மாற்றங்களில் 24ஆம் படையணியின் தளபதி குஸ்டாஃப் மாக்னுசனுக்குப் பெரிய பங்கு உண்டு.

பலன் 1940 ஜனவரி 6 அன்று தெரிந்தது. போர் விமானத் துணையின்றி வந்த ஏழு டிபி-3 ரகக் குண்டுவீச்சு விமானங்களை யோர்மா சார்வாந்தோ என்ற விமானி பின்னாலிருந்து நெருங்கினார். சுமார் நான்கு நிமிடங்களில் ஆறு விமானங்கள் வீழ்ந்தன. ஏழாவதைக் குறிவைத்தபோது அவருடைய துப்பாக்கிகள் காலியாகிவிட்டன. அதைச் சக விமானி ஒருவர் வீழ்த்தினார்.

ஏரியே விமானதளம்

ஒரே தளத்தில் விமானங்களை நிறுத்தினால் ஒரே தாக்குதலில் எல்லாம் போய்விடும். அதனால் உறைந்த ஏரிகளைப் பின்லாந்து ஓடுதளமாக்கியது. சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்ட விமானங்கள், கரையோர மரங்களுக்கு அடியில் மறைக்கப்பட்டன. வெப்பநிலை மைனஸ் 30, 40 டிகிரி வரை இறங்கிய இரவுகளில் தரைப் பணியாளர்கள் இன்ஜின் ஆயிலை வடித்தெடுத்து வைத்து, காலையில் சூடாக்கி ஊற்றினார்கள். அந்தக் கைகள் இல்லாமல் ஒரு விமானம்கூடக் கிளம்பியிருக்காது.

‘லோட்டா ஸ்வார்ட்’ அமைப்பின் பெண்கள் கண்காணிப்புக் கோபுரங்களில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். விமானம் கண்ணில் பட்டதும் எத்தனை, எந்தத் திசை என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவர்களின் கண்ணையும் காதையும் நம்பியே எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது; மக்கள் பதுங்குமிடம் போனார்கள்.

எங்கே முடிந்தது?

பின்லாந்துத் தரப்புக் கணக்கின்படி, அதன் விமானிகள் சுமார் 200 சோவியத் விமானங்களை வீழ்த்தினர். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் 300க்கு மேல் வீழ்த்தின. பின்லாந்து இழந்தவை 60ஐ ஒட்டியவை. ஆனாலும் எண்ணிக்கையின் பாரம் கடைசியில் அழுத்தியது. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் போர் விமானத் துணையோடு வரத் தொடங்கின. 1940 பிப்ரவரியில் சோவியத் தளபதி திமோஷென்கோ தலைமையிலான பெருந்தாக்குதல் கரேலியா பூசந்தியின் அரண்வரிசையை உடைத்தது. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து விமானங்கள் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தன. ஸ்வீடன் தன்னார்வ விமானிகள் வடக்கைக் காத்தனர். அமெரிக்காவிடம் வாங்கிய ப்ரூஸ்டர் விமானங்களில் பெரும்பாலானவை வந்தபோது போர் முடிந்திருந்தது.

மார்ச் 13 அன்று போர் நின்றது. நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம் போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலியர்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். சுமார் 25,000 பின்லாந்து வீரர்கள் மடிந்தனர். சோவியத் தரப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல். எனினும் பின்லாந்து சுதந்திர நாடாகவே நின்றது. அது சிறிய சாதனை அல்ல.

அமைதிக் காலத்தில் செய்ய வேண்டியது

1939 ஆகஸ்டில், ஆயுதங்களைக் கிடங்கில் துருப்பிடிக்க விடாமல் பணத்தை வேறு நல்ல காரியங்களுக்குச் செலவிட்டோம் என்று பிரதமர் காயாண்டர் பெருமைப்பட்டார். பாதுகாப்பு மன்றத் தலைவர் மன்னர்ஹைம் பல ஆண்டுகள் எச்சரித்தும் பலனில்லை. நான்கே மாதங்களில், சீருடை என்று பெல்ட்டும் தொப்பிச் சின்னமும் மட்டும் கொடுக்கப்பட்டு, வீட்டு உடையோடு இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். அந்த உடைக்கு மக்கள் வைத்த பெயர் ‘காயாண்டர் மாடல்’.

பின்லாந்து அந்தப் பாடத்தை மறக்கவில்லை. இன்று அதன் போர் விமானங்கள் நெடுஞ்சாலைகளில் இறங்கிப் பழகுகின்றன. சுமார் 50,000 பதுங்குமிடங்கள் தயாராக உள்ளன. 2023 ஏப்ரல் 4 அன்று அந்த நாடு நேட்டோவில் சேர்ந்தது. 2022இல் உக்ரைனும் இதே வழியில்தான் தாக்குப்பிடித்தது: விமானங்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்தியது, வான்பாதுகாப்பு ஏவுகணைகளை நகர்த்திக்கொண்டே இருந்தது, அதனால் ரஷ்ய விமானப்படைக்கு உக்ரைன் வானத்தில் தங்குதடையின்றிப் பறக்கும் சுதந்திரம் கிடைக்கவில்லை.

விமானத்தையாவது விலைக்கு வாங்கலாம். பழகிய விமானியையும், பனியில் இன்ஜினைக் கிளப்பத் தெரிந்த மெக்கானிக்கையும், கோபுரத்தில் விழித்திருக்கும் பெண்ணையும் அப்படி வாங்க முடியாது. சிறிய நாடுகள் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இவர்களுக்கே போக வேண்டும்.