தண்ணீர்த் தொட்டி கேட்ட உயரம்: லெஸ்டர் பொறியியல் கட்டடம்

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு 1957-ல் அரச சாசனம் கிடைத்தது. அடுத்து அங்கே பொறியியல் துறை தொடங்கப்பட்டபோது, முதல் பேராசிரியர் எட்வர்ட் பார்க்ஸ் கட்டடத்துக்கு முன்வைத்த தேவைகள் மிகத் திட்டவட்டமானவை. கனரக இயந்திரங்களுக்கு விசாலமான பட்டறை வேண்டும். ஆய்வுகள் மாறும்போது உள்தடுப்புகளையும் இடம் மாற்ற முடிய வேண்டும். நீரியல் சோதனைகளுக்குப் போதிய அழுத்தம் கிடைக்க, தண்ணீர்த் தொட்டி சுமார் 100 அடி உயரத்தில் இருக்க வேண்டும். கிடைத்த மனையோ சிறியது. ஜேம்ஸ் ஸ்டிர்லிங், ஜேம்ஸ் கோவன் ஆகிய கட்டடக் கலைஞர்கள் 1959-ல் வடிவமைப்பைத் தொடங்கினர். கட்டுமானம் 1963-ல் முடிந்தது.

அந்தத் தொட்டிதான் கோபுரத்தை உருவாக்கியது. எப்படியும் அவ்வளவு உயரம் கட்டியாக வேண்டும் என்பதால், தொட்டிக்குக் கீழே அலுவலக அறைகள் அடுக்கப்பட்டன; பக்கத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு இன்னொரு சிறிய கோபுரம் எழுந்தது. அவற்றின் அடியில் இரண்டு விரிவுரை அரங்குகள் சுவரைத் தாண்டி அந்தரத்தில் நீண்டு நிற்கின்றன. படிப்படியாக உயரும் இருக்கை வரிசைகளின் சரிவு வெளியிலிருந்தே தெரியும். அரங்குகள் முன்னோக்கிச் சாயாமல் இருப்பதற்கு மேலே உள்ள கோபுரங்களின் எடையே காரணம். அந்தப் பாரம் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் ஃபிராங்க் நியூபியின் இந்த ஏற்பாட்டில், கட்டடமே மாணவர்களுக்கு ஒரு நிலையியல் பாடம்.

பட்டறையின் கூரை தனிக் கதை. பூமியின் வடபாதியில் வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே நேரடி வெயில் அதிகம் விழாது. நாள் முழுதும் சீரான வெளிச்சம் வரும். நுட்பமான இயந்திர வேலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் மனையின் எல்லைகள் வடக்கு தெற்காக அமையவில்லை. எனவே பட்டறையை மனைக்கு இணையாக வைத்து, கூரைக் கண்ணாடி மடிப்புகளை மட்டும் 45 பாகை திருப்பினார்கள். அவை சுவர் விளிம்பைத் தொடும் இடத்தில் வைரப் பட்டைகளைப் போன்ற முனைகள் உருவாயின. கட்டடத்தின் அடையாளமாகிவிட்ட அந்த முனைகள் வெறும் அலங்காரமல்ல, வெளிச்சத்துக்கான கணக்கின் விளைவு.

கணக்கில் குறையும் இருந்தது. கண்ணாடிப் பரப்பு அதிகமானதால் உள்ளே கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் குளிரும் வாட்டின. கூரையும் ஒழுகத் தொடங்கியது. பழசை அப்படியே பிரித்தெறியவும் வழியில்லை: 1993 முதல் இது சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடம். பழைய தோற்றம் மாறாமல், வெப்பத்தைத் தடுக்கும் சுமார் 2,500 புதிய கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. அந்தப் பணி 2017-ல் நிறைவடைந்தது.