சாமி கும்பிடாதவருக்கும் பன்னிரண்டு படிகள்

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் குடியை விட நினைக்கும் தமிழர் பலர் முதலில் போய் நிற்கும் இடம் கோயில்தான். மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார். தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொள்வார். ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் போத்தல் பக்கம் தலைவைக்க மாட்டார். மாலையைக் கழற்றிய வாரமே பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு, அதோடு குடியை மறந்தவர்களும் உண்டு. சிலரைச் சர்ச் மீட்டிருக்கிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பக்தி ஒருவரைக் காப்பாற்றினால் நல்லதுதான்.

ஆனால் பக்தி இல்லாதவர் எங்கே போவார்? பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் பாதையில் இருக்கும் கோலா தெர்லா போன்ற சிற்றூரிலும் அப்படிப்பட்டவர் இருப்பார். மலாயாத் தமிழரிடையே கடவுள் மறுப்பு புதிதல்ல. பெரியார் 1929 கடைசியிலும் 1954-லும் இங்கே வந்து பேசிப் போனவர். அவர் படம் மாட்டிய வீடுகள் இன்றும் இருக்கின்றன. காந்தியின் மதுவிலக்குக்காக 1921-இல் தன் தோப்பிலிருந்த தென்னை மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தவரும் அவரே. குடியை எதிர்க்கச் சாமி வேண்டியதில்லை என்பது நமக்கு நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. குடியை எதிர்ப்பது வேறு, குடியிலிருந்து வெளியே வருவது வேறு. அங்கேதான் சிக்கல்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் உறவினர் 'ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்ப் பார்' என்கிறார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது: பெயரை வெளியே சொல்லாமல் கூடும் குடிநோயாளிகள். பன்னிரண்டு படிகளை எழுதிய தாள் ஒன்று கைக்கு வருகிறது. படித்தால் ஆறு படிகளில் கடவுளோ, அவருக்கு ஈடான ஒரு பெரிய சக்தியோ நிற்கிறார். 'இதுவும் ஒரு பஜனைக் கூட்டம்தான்' என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர் நினைப்பில் பாதி சரி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், 1935-இல், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். இருவரும் மொடாக் குடியர்கள். ஆக்ஸ்ஃபர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். பாவத்தை ஒப்புக்கொள்வது, பிராயச்சித்தம் செய்வது, இறைவனிடம் ஒப்படைப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1939-இல் வெளிவந்த அவர்களுடைய பெரிய புத்தகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைப் படித்து முடிக்கும்போது, 'நீயும் ஒருநாள் நம்பத்தான் போகிறாய்' என்று தோளில் தட்டுவது போலத்தான் படுகிறது. நாத்திகருக்கு எரிச்சல் வருவது நியாயமே.

மறுபாதி அவ்வளவாக வெளியே தெரியாது. 1938-இல் நியூயார்க் கூட்டத்துக்கு ஜிம் பர்வெல் என்ற விற்பனையாளர் வந்தார். கடவுள் பேச்சு எடுத்தாலே சண்டைக்கு நிற்பார். இவரை வெளியே தள்ளிவிடலாமா என்று மற்றவர்கள் யோசிக்கும் அளவுக்குத் தொல்லை. தள்ளவில்லை. படிகளை எழுதும்போது கடவுள் என்பதோடு 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்ற தொடர் ஒட்டிக்கொண்டதில் இவருடைய பிடிவாதத்துக்குப் பங்கு உண்டு என்பார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று இருந்தால் போதும், உறுப்பினராக வேறு தகுதி வேண்டாம் என்ற விதியும் அப்படிப்பட்டவர்களை வைத்துப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பர்வெல் 1974-இல் இறக்கும்வரை ஏ.ஏ.விலேயே இருந்தார். மறு வருடம், 1975-இல், நாத்திகருக்கும் ஐயவாதிகளுக்குமான தனிக் கூட்டம் சிகாகோவில் தொடங்கியது. இன்று அப்படிப்பட்ட கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன, இணையத்திலும் நடக்கின்றன.

சாமியை எடுத்துவிட்டால் இந்தப் படிகளில் என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும்.

முதல் படி, குடியின் முன்னால் தன் கை ஓங்காது என்று ஒப்புக்கொள்வது. சுயமரியாதை பேசி வளர்ந்தவருக்கு இதுவே தொண்டையில் சிக்கும். 'நான் என்ன கையாலாகாதவனா?' என்பார். இதைக் குணத்தின் மீதான தீர்ப்பாக எடுக்க வேண்டாம், கண்ணால் கண்டதாக எடுத்துக்கொள்ளலாம். முதல் கிளாஸை எடுப்பதா வேண்டாமா என்பது இன்னும் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. முதல் கிளாஸ் உள்ளே போன பிறகு மூன்றோடு எழுந்து வந்த நாள் எத்தனை? நேர்மையாக எண்ணிப் பார்த்தால் முதல் படி முடிந்தது.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் இடறும் படிகள்: தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியை நம்புவது, அதனிடம் தன்னை ஒப்படைப்பது. நாத்திக உறுப்பினர்கள் பலர் அந்த இடத்தில் கூட்டத்தையே வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு 'இன்றைக்கு ஒன்றே ஒன்று' என்று என் தலை சொல்கிறது. எட்டு வருடமாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர் வேறு விதமாகச் சொல்கிறார். அந்த ஏழு மணி வேளையில் என் தலையைவிட அவரை நம்புவது மூடநம்பிக்கை அல்ல, அனுபவம் உள்ளவரைக் கேட்பது. ஒப்படைப்பது என்றால், கிளாஸைத் தூக்குவதற்கு முன்னால் போனைத் தூக்குவது. (மேலான சக்தியாகக் கதவுப் பிடியைக்கூட வைத்துக்கொள்ளலாம் என்று சில பழைய உறுப்பினர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நம்பாதவரைக் குழந்தையாக நடத்தும் பேச்சு அது.)

நான்காவது படியிலிருந்து கணக்கு வேலை. தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒன்றைத் தனக்கே போட வேண்டும். யாரோடு கோபம், எதற்குப் பயம், எங்கே பொய் சொன்னேன், யார் காசை எடுத்தேன் என்று எழுத்தில். ஐந்தாவது படியில் அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கடவுளிடமும் சொல்லச் சொல்கிறது மூலப் பாடம். நம்பாதவர் அதை விட்டுவிடலாம், மனிதரை விட முடியாது. என் கருத்தில் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு இந்தப் படிதான். கடவுளிடம் சொல்வதைவிட, எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் 'மகளின் பள்ளிக்கூடக் காசை எடுத்துக் குடித்தேன்' என்று சொல்வது எவ்வளவோ கடினம். கேட்டவர் முகம் சுளிக்காமல் 'நானும் எடுத்திருக்கிறேன்' என்று சொன்னால் ஒரு பாரம் இறங்குகிறது. இந்தக் காரியத்துக்கு ஸ்பான்சர் என்று ஒருவர் இருப்பார், முன்னால் நடந்து போனவர். அவருக்குச் சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

ஆறும் ஏழும் தன் குணக்கேடுகளைக் கடவுள் நீக்க வேண்டும் என்று கேட்கின்றன. நம்பாதவர் அவற்றைப் பழக்கத்தை மாற்றும் வேலையாகச் செய்கிறார். எட்டும் ஒன்பதும் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியலிட்டு, இயன்றவரை சரிசெய்வது. பணம் என்றால் திருப்பிக் கொடுப்பது, மன்னிப்பு என்றால் நேரில் கேட்பது. கேட்பதால் அவருக்கே மேலும் கேடு வரும் என்றால் கேட்காமல் விடுவது. பத்தாவதில் கணக்குப் புத்தகம் தினசரியாகிறது. பதினொன்றில் பிரார்த்தனைக்குப் பதிலாகச் சிலர் பத்து நிமிடம் சும்மா உட்காருகிறார்கள். பன்னிரண்டாவதில், குடியோடு மல்லுக்கட்டும் அடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும். உதவி செய்கிறவருக்கும் அதில் லாபம். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரவில் அவர் கடைக்குப் போவதில்லை.

இதெல்லாம் வேலை செய்கிறதா? 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ. பக்கம் முறையாகக் கைபிடித்து அழைத்துப்போகும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 42 விழுக்காட்டினர் அறவே குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் 35 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டவர்கள் குடித்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது 2002-இல் டோனிகன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நாத்திகரும் ஐயவாதிகளும் கூட்டங்களுக்குக் குறைவாகவே வந்தார்கள், ஆனால் வந்தவர்கள் அடைந்த பலன் நம்பிக்கையாளர் அடைந்த பலனுக்குக் குறையவில்லை. பலனுக்குக் காரணம் தேடியவர்கள் பெரும்பாலும் சுட்டுவது பழகும் ஆட்கள் மாறுவதையும், குடிக்காமல் சமாளிக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்வதையும்தான்.

எல்லா இடத்திலும் நாத்திகரை வரவேற்றார்கள் என்று சொன்னால் பொய். 2011-இல் கனடாவின் டொரோண்டோவில், படிகளைக் கடவுள் இல்லாமல் மாற்றி எழுதி வாசித்த இரண்டு குழுக்களை நகரத்து ஏ.ஏ. தன் பட்டியலிலிருந்து நீக்கியது. மனித உரிமைத் தீர்ப்பாயம்வரை போய், 2017-இல்தான் இணக்கம் வந்தது. அமெரிக்காவில் கைதிகளையும் பரோலில் வந்தவர்களையும் கட்டாயப்படுத்தி இந்தக் கூட்டங்களுக்கு அனுப்பியதை, இது சமயச் சார்புள்ளது என்று சொல்லி நீதிமன்றங்கள் 1996-லும் 2007-லும் கண்டித்தன. கூட்டம் பிரார்த்தனையோடு முடிந்தால் பேசாமல் நிற்கலாம், யாரும் வாயைத் திறந்து பார்க்கப் போவதில்லை. ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் வேறு கூட்டம் பார்க்கலாம். ஏ.ஏ.வே வேண்டாம் என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கிறது. அதில் கடவுளும் இல்லை, படிகளும் இல்லை. எண்ணத்தையும் ஆசையையும் கையாளும் உளவியல் பயிற்சிதான்.

தோட்டத்துக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கே ரகசியம் தங்காது. லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். பெயர் சொல்லாமல் கூடுவது என்பது நகரத்துக்காரர்களுக்குச் சுலபம். நம் வரலாற்றில் குடியை எதிர்த்த பெரும் முயற்சிகள் எல்லாம் பகிரங்கமாகவே நடந்தன. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1946-47-இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது, குடித்தவர்களைத் தண்டிக்கவும் செய்தது. போலீஸ் அதை ஒடுக்கியது. கூலிக் காசைக் கள்ளுக்கடை வழியாகத் திரும்பப் பிடுங்கும் ஏற்பாட்டை எதிர்த்த அந்தத் துணிச்சலுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் குடிநோயாளியை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தினால் அவர் மறைந்து குடிப்பார், அவ்வளவுதான். பன்னிரண்டு படிக் கூட்டத்தில் கேட்கிறவரும் குடித்தவரே. அங்கே நீதிபதி இல்லை. தோட்டத்தில் அதைக் காப்பாற்ற ஒரே வழி, இங்கே கேட்டதை இங்கேயே விட்டுப் போவது என்று ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது.

படி எதையும் மிதிப்பதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. தினமும் நிறையக் குடிக்கிறவர், அது சம்சுவானாலும் பீரானாலும், ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் நாளில் கை நடுக்கமும் வேர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை, பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேடி நேரத்தைக் கெடுக்கக் கூடாது. தானா ராத்தா மருத்துவமனை அதற்குத்தான் இருக்கிறது. மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஏ.ஏ. டாக்டர் கொடுக்கும் மருந்துக்கு எதிரி அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மருந்தையும் ஆலோசனையையும் ஏ.ஏ. வழியையும் சேர்த்தே நடத்துகிறது. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனது. மலைத்தோட்டங்களுக்குப் பொருந்தும் முன்மாதிரி என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால்? குடியை விடுவதற்காகக் குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் ஒட்டாதவரை, அதை ஏ.ஏ. குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய பழைய மரபு. பதிவும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், வெளியார் நன்கொடை வாங்கவும் கூடாது. தேத்தண்ணிக் காசு அவரவர் போட்டுக்கொள்வது. கோயில் மண்டபம் வேண்டாம், பீர் விற்கும் கடையும் வேண்டாம். வேலை முடிந்து, குடிக்கத் தோன்றும் அந்த நேரமே கூட்டத்துக்கு ஏற்ற நேரம். கடைசியாக எப்போது குடித்தேன், அன்று என்ன நடந்தது என்பதிலிருந்து ஒருவர் தொடங்கலாம். எதிரில் இருப்பவர் இடைமறிக்கவோ புத்திமதி சொல்லவோ கூடாது. அவர் முறை வரும்போது அவர் தன் கதையைச் சொல்வார்.